நாற்காலி, கட்டில், மேசை

பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லி மாளவில்லை. பேசினால் இடது பக்கம் எச்சில் ஒழுகுகிறது. பாதிச் சொல் காற்றாகப் போகிறது. கேட்கிறவர்கள் நாலு வார்த்தைக்குள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். எனக்குப் பல்லோடு அது ஊன்றியிருந்த எலும்பும் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன். இனி எவனாவது வந்து, “என்னாச்சு செல்லப்பா?” என்று கேட்டால் இந்தக் காகிதங்களை எடுத்து நீட்டிவிட்டு நான் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பேன்.

என் தொழில் மாட்டுத் தரகு. சங்ககிரிக்குப் பக்கத்தில் ஊர். சந்தை சந்தையாகப் போய் மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்த்தே வயிறு வளர்த்தவன். கீழ்வரிசையில் இரண்டு பல் விழுந்து முளைத்திருக்கிறதா, நாலா, ஆறா என்று விரலை விட்டுத் தடவினாலே வயதைச் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனுடைய வாய்க்குத்தான் கடவுள் பூட்டுப் போட்டார். அவருக்குக் கிண்டல் கொஞ்சம் அதிகம்.

இடது பக்கம், கீழே, கடைசிப் பல். பல வருஷமாக அது முழுதாக முளைக்காமல் பாதி சதைக்குள்ளேயே படுத்திருந்தது. அவ்வப்போது வீங்கும், கிராம்பு வைத்துக் கடித்தால் அடங்கிவிடும். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஓர் ஆடி மாதம் அது அடங்கவில்லை. கன்னம் உருண்டுகொண்டு வந்தது. காது வரை குத்தல். வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்கு மேல் திறக்கவில்லை. என் மனைவி நல்லம்மா, குழந்தைகளுக்குப் பால் புகட்டின பாலாடையைப் பரணிலிருந்து எடுத்துக் கழுவி, அதில் கஞ்சியை ஊற்றிப் பல் இடுக்கு வழியே விட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. தலையைத் திருப்பிக்கொண்டேன்.

“மீசை வச்ச புள்ளையின்னு நெனச்சுக்கறேன். பேசாமக் குடிங்க,” என்றாள்.

மறுநாள் அவளும் அவள் தம்பி சின்னசாமியும் என்னைச் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சின்னசாமியும் தரகன்தான், என்னிடம் தொழில் பழகினவன். பெட்ரோல் கிடைக்காத காலமாகையால் கரி பஸ். ஏற்றம் வந்தால் நின்றுவிடும், எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் தாடைக்குள் யாரோ ஆணி அறைகிற மாதிரி இருந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பது எவ்வளவு உண்மை என்று அந்த வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே பல், தாடை வியாதிக்காரர்களை மூன்றாகப் பிரிப்பார்கள். சுலபமானது என்றால் நாற்காலி: உட்காரவைத்து, ஈறில் ஊசி போட்டுப் பிடுங்கி, பஞ்சை வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நடுத்தரம் என்றால் கட்டில்: வார்டில் படுக்கப்போட்டு, ஒத்தடம் கொடுத்து, வாய் கொப்பளிக்கவைத்து, வீக்கம் வற்றின பிறகு பல்லைத் தொடுவார்கள். கடினமானது என்றால் மேசை: குளோரபாரம் கொடுத்து மயக்கி, வெளியிலிருந்து கத்தி வைப்பார்கள். டாக்டர் பார்த்துவிட்டு அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்வார். தாழ்வாரத்தில் காத்திருக்கிறவர்கள் எல்லோரும் வெளியே வருகிறவனைப் பார்த்து, “என்னங்க, நாற்காலியா?” என்றுதான் கேட்பார்கள்.

நாங்கள் போனது வியாழக்கிழமை. அன்று பார்த்தவர் தலை நரைத்தவர், தடித்த கண்ணாடி போட்டவர். கன்னத்தை அழுத்திப் பார்த்தார். கழுத்தைத் தடவினார். வாயைத் திறக்கச் சொல்லி, திறக்காததைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

“மேசை,” என்றார்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாமே என்று சின்னசாமி கேட்டான். யுத்தத்தால் பிலிம் வரத்து இல்லையாம், கை கால் முறிந்தவர்களுக்கே போதவில்லையாம். கத்தி வைக்கிற பெரிய டாக்டரும் ஊரில் இல்லை. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற இடத்தில் வந்தவர்களைப் பரிசோதிக்கப் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார். அதுவரை என்ன செய்வது என்று கேட்டதற்குக் கண்ணாடி டாக்டர், “கஷ்டமான கேஸாத்தான் தெரியுது. அவர் வரட்டும்,” என்று மட்டும் சொன்னார்.

அன்று ஒரு சத்திரத்தில் தங்கினோம். காலையில் ஒரு பலகாரக் கடைக்காரன் சின்னசாமியிடம் சொல்லியிருக்கிறான், புதிதாக வருகிறவர்களைப் பார்க்கிற டாக்டர் அங்கே ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாறுவார், இன்றைக்கு இளையவர், கை ரொம்பச் சுத்தம் என்று. உடனே என்னை மறுபடி இழுத்துக்கொண்டு ஓடினான்.

வெள்ளிக்கிழமை டாக்டருக்கு மீசை அரும்பி முடித்த வயது. சிரித்த முகம். என் வாயைப் பார்த்தார், அதே கன்னத்தை அழுத்தினார், அதே கழுத்தைத் தடவினார்.

“இதுக்கா பயந்தீங்க? நாற்காலிதான். வெத்தலை போடற நேரம்,” என்றார்.

சந்தையில் நாங்களும் ஒரே வாயைப் பார்த்து இரண்டு வயது சொல்வோம். விற்கிறவன் தரகன் ஒன்று சொல்வான், வாங்குகிறவன் தரகன் ஒன்று சொல்வான். ஆனால் எவன் புளுகுகிறான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். இங்கே இரண்டு பேரும் மனசார நம்பித்தான் சொன்னார்கள்.

கொஞ்சம் யோசித்துச் சொல்கிறோம் என்று வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்தில் வெண்ணந்தூரிலிருந்து வந்த ஒரு நெசவாளி, பெயர் அர்த்தநாரி. அவர் மனைவி பாவாயி கூட இருந்தாள். அவருக்கும் இடது கன்னம் வீங்கியிருந்தது. அவருக்கும் வாய் ஒரு விரல்தான் திறந்தது. இருவரும் ஒருவர் கன்னத்தை ஒருவர் காட்டி, பேச முடியாமல் சிரித்துக்கொண்டோம். கண்ணாடியில் பார்த்துக்கொள்கிற மாதிரி இருந்தது.

அவரைக் கூப்பிட்டார்கள். “நாற்காலி” என்ற சத்தம் எங்களுக்கே கேட்டது. திருகுவைத்த ஓர் இடுக்கியால் வாயை நெம்பித் திறந்து பிடுங்கினார்களாம். ஒரு முறை மட்டும் அலறினார். பிறகு பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து, என்னைப் பார்த்து, ஆகிவிட்டது என்பதுபோல் கையை ஆட்டினார். பாவாயி ஈரத்துணியால் அவர் மோவாயைத் துடைத்தாள்.

“போயிட்டு வாரோமுங்க. நீங்களும் பயப்படாம உக்காருங்க,” என்று நல்லம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

சின்னசாமி என் பக்கம் திரும்பினான். எனக்குப் பேச வாய் இல்லை. அவன் தோளிலிருந்த துண்டை எடுத்து எங்கள் இருவர் கைமேலும் போட்டான். சந்தையில் விலை பேசுவது அப்படித்தான், துண்டுக்குள் விரலைப் பிடித்து.

“மாமா, ஒரு வெரலுன்னா நாற்காலி. மூணுன்னா மேசை. உங்க உசுரு, நீங்களே சொல்லுங்க.”

நான் அவனுடைய இரண்டு விரலைப் பிடித்தேன்.

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், ஏன் அப்படிச் செய்தாய் என்று. ஒருவன் ஐம்பது கேட்டு, இன்னொருவன் முப்பது கொடுக்கிறேன் என்றால் நாற்பதில் முடிக்கிறவன் தரகன். வாழ்நாள் முழுக்க அதையே செய்த கை, வேறு எங்கே போகும்? நடுவில்தான் நியாயம் இருக்கும் என்று கை நம்பியது. சின்னசாமியும் நிம்மதியாக மூச்சு விட்டு, “அதேதான் மாமா நானும் நெனச்சேன்,” என்றான்.

அவன் போய் இரண்டு டாக்டர்களிடமும் பேசினான். மூத்தவர் சொன்னதையும் தட்டவில்லை, இளையவர் சொன்னதையும் தட்டவில்லை, இரண்டுக்கும் பொதுவாகக் கட்டிலில் போடுங்கள் என்று. எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம், இரண்டு பேரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் தப்பு என்று சொல்ல வேண்டியதில்லை பாருங்கள். யாருக்கும் மனக்குறை இல்லாமல் பேரம் முடிந்தது. வியாதியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

வார்டில் ஊதா நிறத் தண்ணீரால் கொப்பளிப்பு. சுடச்சுடத் தவிட்டு ஒத்தடம். நல்லம்மா பாலாடையும் கையுமாகப் பக்கத்திலேயே இருந்தாள். தவிட்டு மூட்டை கட்டிச் சூடு பண்ணிக் கொடுக்கிற ஆயா அவளுக்கு ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து தருவாள். சின்னசாமி எனக்குச் சந்தை நிலவரம் சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்ப்பான். நானும் அவன் மனசுக்காகச் சிரித்துவைப்பேன். சிரிக்கும்போது வலி தலையைப் பிளக்கும்.

சனிக்கிழமை காய்ச்சல் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை நல்லம்மா கஞ்சியை விட்டுக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

“ஏனுங்க, கஞ்சி ஒழுவுது, தெரியலீங்களா?”

தெரியவில்லை. கீழ் உதட்டின் இடது பாதி மரத்துப்போயிருந்தது. கண்ணாடி டாக்டர் வந்து குண்டூசியால் குத்திப் பார்த்தார். குத்துவது தெரிந்தது, வலிக்கவில்லை. தாடை எலும்புக்குள் ஒரு குழாய் ஓடுகிறதாம், அதற்குள் உதட்டுக்குப் போகிற நரம்பு இருக்கிறதாம். எலும்புக்குள் சீழ் கட்டினால் நரம்பை நெரிக்குமாம், உதடு செத்துப்போகுமாம். அவர் முகம் இருண்டது. நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நாளைக்குப் பெரிய டாக்டர் வந்துவிடுவார் என்று மட்டும் சொன்னார். எனக்குப் பயம் வந்தது. செத்துவிடுவேன் என்று முதல் முறையாக நிஜமாக நினைத்தேன். நல்லம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

அன்று சாயங்காலம்தான் அர்த்தநாரியை மறுபடி கொண்டுவந்தார்கள். கட்டை வண்டியில் வைக்கோல் பரப்பி உட்காரவைத்து வந்திருந்தார்கள். படுக்க முடியவில்லை. வீக்கம் கன்னத்தை விட்டு நாக்குக்கு அடியிலும் கழுத்திலும் இறங்கியிருந்தது. நாக்கு மேலே தள்ளிக்கொண்டு நின்றது. பக்கத்துக் கட்டிலில் முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு மூச்சும் கிணற்றிலிருந்து ஏற்றம் இறைக்கிற மாதிரி கஷ்டப்பட்டு வந்தது. பாவாயி அவர் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

“பல்லப் புடுங்குனாச் செரியாப் போயிரும்னாங்களே. செரியாப் போயிரும்னாங்களே,” என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

இளைய டாக்டர் வந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம், அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. சிரிப்பெல்லாம் எங்கே போயிற்றோ. கழுத்தில் கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். ஊசி போட்டார். பெரிய டாக்டரைச் சீக்கிரம் கூட்டிவர ஆள் அனுப்பினார். கட்டிலை விட்டு நகரவில்லை.

திங்கட்கிழமை காலையில் பெரிய டாக்டர் வந்தார். வெயிலில் கறுத்த, அதிகம் பேசாத மனிதர். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்று இரண்டு பேரையும் பார்த்தார். “ரெண்டும் மேசை. அவர் முதல்ல,” என்று அர்த்தநாரியைக் காட்டினார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றுவதற்காக அவரைச் சாய்த்தார்கள். சாய்த்ததும் மூச்சு நின்றது. பெரிய டாக்டர் அங்கேயே, வார்டிலேயே கழுத்தில் கத்தி வைத்தார். பாவாயியை ஆயா கட்டிப்பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு பச்சைப் போர்வையைப் போட்டு மூடினார்கள். அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது.

பிறகு என்னை ஏற்றினார்கள். அந்த ஸ்ட்ரெச்சரிலேயே. குளோரபாரத்தின் தித்திப்பு வாடை மூக்கில் ஏறும்போது கூட அவருடைய மூச்சுச் சத்தம்தான் காதில் கேட்டது.

கண் விழித்தபோது தாடைக்குக் கீழே நீளமாகக் கிழித்து, ரப்பர்க் குழாய் செருகியிருந்தது. கடைவாயிலிருந்து மோவாய்க்குக் கிட்டே வரைக்கும் எலும்பு செத்துப்போய் இருந்ததாம். எலும்புக்கும் இரத்தம் ஓட வேண்டும், சீழ் நிரம்பி இரத்தம் நின்றுவிட்டால் அது உளுத்த கட்டைதான். உளுத்ததை எல்லாம் எடுத்துவிட்டார்கள். வந்த அன்றே கிழித்துச் சீழை விட்டிருந்தால் எலும்பு தப்பியிருக்குமா என்று சிலேட்டில் எழுதிக் கேட்டேன். “இருக்கலாம்,” என்றார் பெரிய டாக்டர். டாக்டர்கள் சொல்கிற வார்த்தைகளிலேயே எனக்குப் பிடிக்காதது அதுதான். பட்டாளத்துக்குப் போனது போக மிச்சமிருந்த, சீழை அடக்குகிற சல்பா மாத்திரையை எனக்குக் கொடுத்தார்கள். சீழ் நாற்றம் என்னாலேயே தாங்க முடியாது. நல்லம்மா மட்டும் மூக்கைப் பொத்தாமல் உட்கார்ந்து துணி மாற்றினாள்.

ஒரு நாள் கண்ணாடி டாக்டர் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். நான் சிலேட்டை எடுத்து, “உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?” என்று எழுதினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எனக்குத் தெரியலை செல்லப்பா. போன வருஷம் என் கையில ஒருத்தன் நாற்காலியிலேயே போயிட்டான். அதுலேருந்து பாதிப் பேருக்கு மேசைன்னுதான் சொல்றேன். வேற ஒரு நாள்ல நீ வந்திருந்தா, நானே கட்டில்னு சொல்லியிருப்பேனோ என்னவோ.”

அதைக் கேட்டபோது ஏற்பட்ட கலக்கம் குளோரபாரத்துக்குக்கூட இல்லை. சரியாகச் சொன்னவரும் தெரிந்து சொல்லவில்லை. இளைய டாக்டரும் ஒருமுறை வந்தார். என் கட்டைப் பிரித்துக் காயத்தை வெகுநேரம் பார்த்தார். “அன்னைக்கு எனக்கு நிஜமாவே சின்னதாத்தாங்க தெரிஞ்சுது,” என்றார். நான் என்ன செய்ய? தலையை ஆட்டினேன். திட்டினால் திட்டிவிடலாம், திட்ட வாய் வேண்டுமே.

வார்டில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை வந்தால் மேசை, வெள்ளிக்கிழமை வந்தால் நாற்காலி என்று படுத்திருக்கிறவர்கள் பேசிப் பேசிச் சிரிப்பார்கள். அழ முடியாதவர்களுக்கு வேறு என்ன வழி?

ஊருக்கு வந்து, மழைக்காலமும் முடிகிற சமயம், ஒரு நாள் மத்தியானம் பாவாயி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வெண்ணந்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். நல்லம்மா உட்காரவைத்து மோர் கொடுத்தாள். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

“ஒண்ணு கேட்டுப் போலாம்னு வந்தனுங்க,” என்றாள். “உங்க பல்லும் அவரு பல்லும் ஒண்ணுதானுங்களா?”

ஏன் கேட்கிறாய் என்று கையால் கேட்டேன்.

“வியாழக்கெழமையே போலாம்னாருங்க. நான்தான், தறியில பாவு பாதியில நிக்குது, அத முடிச்சுக் குடுத்துப்போட்டு நாளைக்குப் போலாம்னு புடிச்சு வச்சேன். வியாழக்கெழமை வந்திருந்தா மேசையில போட்டிருப்பாங்கன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. உங்களப் பொழைக்கவச்ச மாதிரி அவரையும் பொழைக்கவச்சிருப்பாங்களாம். அந்த நெனப்புல சோறு எறங்கமாட்டேங்குதுங்க.”

நல்லம்மா என்னைப் பார்த்தாள். நான் பாவாயியைப் பார்த்தேன். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து நானும் அவரும் ஒருவர் கன்னத்தை ஒருவர் காட்டிச் சிரித்தது எனக்கு ஞாபகம் இருந்தது. அவளுக்கும் இருந்திருக்கும்.

“இல்ல அம்மிணி,” என்றேன். சொல் குழறியது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னேன். “அவரோடது வேற. வர்றதுக்கு முன்னாலயே உள்ள எறங்கிப்போச்சு. ரொம்பப் பெரிய கேஸு. வியாழக்கெழமை வந்திருந்தாலும் உசுரு நிக்காதுன்னு பெரிய டாக்டரே சொன்னாரு.”

பெரிய டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

“பெரிய டாக்டரே சொன்னாருங்களா?”

“எங்கிட்டவே சொன்னாரு.”

அவள் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நல்லம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்ப உங்களோடது?”

“என்னோடது சின்னது,” என்றேன்.

அவள் எழுந்து கிட்டே வந்தாள். எலும்பில்லாமல் உள்ளே விழுந்துகிடக்கிற என் கன்னத்தையும், கோணிப்போன வாயையும், கழுத்துத் தழும்பையும் பார்த்தாள். அவளுடைய கை என் தாடையைத் தொடாமல், தொடுகிற தூரத்தில் நின்றது.

“சின்னதுக்கே இப்படிங்களா, சாமி,” என்றாள்.